தீக்குச்சிச் சோதனை

பர்கூர்க் கடைவீதியில் துணியை
மீட்டரிலும் விற்பார்கள், கிலோவிலும் விற்பார்கள்.
கிலோவிலும் போகாதது
ஜெகதேவி ரோட்டுத் தகரக் கொட்டகைக்கு வரும்,
என் மடிக்கு.

முதலில் பட்டன் அறுக்க வேண்டும்.
நாலு ஓட்டை ஒரு டப்பா, ரெண்டு ஓட்டை ஒரு டப்பா.
பிறகு ஜிப்.
கம்பெனிப் பெயர் தைத்த பட்டியை
ஒரே இழுப்பில் பிரிக்க ரெஹானாவுக்குத்தான் வரும்.
பேர் போயிட்டா எல்லாம் வெறும் துணிதான் என்பாள்
பல்லிடுக்கில் நூலோடு.

சிலதில் விலைச்சீட்டுகூட அப்படியே தொங்கும்.
ஒருநாளும் வேர்வை படாத கைக்குழி.
அதை அறுக்கும்போதுதான்
கத்தரி கொஞ்சம் தயங்கும்.

வெள்ளைக்கு நல்ல விலை.
கருப்பு மெத்தைக்கு.
பனியன் துண்டு லாரி ஷெட்டுக்கு, கிரீஸ் துடைக்க.
துடைத்தபின் எங்கே போகும்
யாரும் கணக்கு வைப்பதில்லை.
எலாஸ்டிக் கலந்ததை எவரும் எடுப்பதில்லை.
கொட்டகைக்குப் பின்னால் அதற்கென்று ஒரு மேடு.
மூன்று மழைக்கும் கரையாமல் நிற்கிறது,
மேலே ஒரு ஆடு.

சந்தேகம் வந்தால் தீக்குச்சி.
இழையை உருவிக் கொளுத்துவேன்.
காகிதம் கருகும் வாசம் வந்து
ஊதினால் பறந்துவிட்டால் பருத்தி.
சுருண்டு உருகி
கருமணியாய்க் கெட்டிப்பட்டால் பாலியஸ்டர்.
நாளைக்கு ஒரு பெட்டி தீரும்.
அதையும் கூலியில் பிடிக்கிறார் திம்மராஜ்.

போன வாரம் கழுத்தில் அட்டை மாட்டியவர்கள் வந்தார்கள்.
சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு
புறப்பட்ட இடத்துக்கே துணி திரும்பி வரும்,
குப்பை என்று ஒன்று இருக்காது என்றார்கள்.
நன்றாகத்தான் இருந்தது.
போட்டோவுக்கு நானும் வட்டத்துக்குள் நின்றேன்.
ரெஹானா வெளியே போய் இருமிவிட்டு வந்தாள்.
சாயங்காலம் பெருக்கியபோது
பஞ்சுத் தூசியோடு பாதி வட்டம் போயிற்று.

நேற்று அதே கடைவீதியில்
மகனுக்கு ஒரு பேண்ட் எடுத்தேன்.
பழந்துணியை அரைத்துத் திரித்த நூலாம்,
நூற்றெண்பது ரூபாய்.
என் கை பட்டதாகவும் இருக்கலாம் என்று
ஒரு சின்ன கர்வம்.
உள்பட்டியில் ‘முழுப் பருத்தி’ என்றிருந்தது.

வீட்டில் மடிப்போரத்து இழை ஒன்றை உருவினேன்.
பழக்கம்தான், வேறொன்றுமில்லை.
பாதி பறந்தது.
பாதி மணி.

பையன் அதற்குள் போட்டுக்கொண்டு
தெருவுக்கு ஓடிவிட்டான்.
அளவு சரியாக இருக்கிறது, நிறமும்.
இரவு அவன் தூங்கியபின்
பேண்டை விட்டுவிட்டு
அந்தப் பட்டியை மட்டும் இழுத்துப் பார்த்தேன்.
வரவில்லை.
காலையில் ரெஹானாவிடம் கொடுக்க வேண்டும்.