பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு

புத்தகத்தின் முதுகை வெட்டியாயிற்று.
தனித்தனித் தாளாகக் கிடக்கிறது ஏழாம் வகுப்புப் புவியியல்
ஆர்லீன் வுகோவிச்சின் சமையலறை மேசையில்.
வெளியே மொண்டானாவின் மார்ச் மாதம்,
போக மனமில்லாத பனி.

பக்கம் 212. ஓர் ஆறு.
நீல அம்பு, பச்சை அம்பு, ஓரத்தில் மஞ்சள் பெட்டி.
பெட்டிக்குள்ளிருந்து ஒரு மீன் கேட்கிறது:
'உங்களுக்குத் தெரியுமா?'
அச்சடித்தவனுக்கென்ன,
கண் ஒரே நேரத்தில் தாள் முழுக்க மேயும்.
விரல் அப்படியல்ல.
விரல் வரிசையில் நின்று வாங்கும்.

வரிக்கு நாற்பது கட்டம், தாளுக்கு இருபத்தைந்து வரி.
பெருந்தலைப்பு நடுவில்,
அதன் பிள்ளை ஐந்தாம் கட்டத்தில், பேரப்பிள்ளை ஏழில்.
பத்தி மூன்றில் தொடங்கி ஒன்றுக்குத் திரும்பும்.
பெட்டிக்கு மேலே ஒரு வேலி, கீழே ஒரு வேலி,
வேலிகளுக்கு வெளியே வெறும் வரி.
மறந்து விட்ட இடமல்ல அது,
எண்ணிப் போட்ட இடம்.

மெய்ப்புப் பார்ப்பவர் ஹார்லன் ட்ரெவீனா,
பிறவியிலேயே பார்வையற்றவர்.
மெய்ப்பு என்கிற தமிழ்ச்சொல் அவருக்குத் தெரியாது.
ஆனால் அந்த வேலையை
மெய்யாலேயே, விரல் நுனித் தோலாலேயே செய்கிற
இன்னொருவரை எனக்குத் தெரியாது.

போனில் சொன்னார்:
"உன் மீன் முந்திக்கொண்டது.
கேள்வி வருமுன்னே விடை விரலில் ஒட்டிக்கொண்டது.
மூன்றாம் கேள்விக்கு இனி நான்
நேர்மையாகப் பதில் எழுத முடியாது."
ஆர்லீன் மீனைத் தூக்கிப்
பத்திக்குப் பின்னால் விட்டாள்.

"அப்புறம், படத்துக்கு ஒரு குறிப்பு எழுதியிருக்கிறாய்.
'அழகிய ஆறு. கரையில் சோகமான சிறுமி.'
அழகு என்று யார் சொன்னது?"
"படம்."
"படம் ஒன்றும் சொல்லவில்லை, நீ சொன்னாய். சோகம்?"
"முகத்தைப் பார்த்தாலே..."
"சோகப்படுவதா வேண்டாமா என்பதை
நானே பார்த்துக்கொள்கிறேன், ஆர்லீன்."

கொஞ்சம் கோபம்தான்.
பூதக்கண்ணாடி எடுத்து மறுபடி பார்த்தாள்.
எழுதினாள்:
ஆறு. கரையில் ஒரு சிறுமி குந்தியிருக்கிறாள்.
வலது கை மணிக்கட்டு வரை நீருக்குள்.
இத்தனை நாளும் அந்தக் கையை
அவள் கவனித்திருக்கவே இல்லை.

ஏப்ரலில் ஹாவரிலிருந்து கடிதம் வந்தது.
பள்ளியில் டெலைனா என்றொரு பெண்.
'டீச்சர் 212-ஐத் திறக்கச் சொன்னார்.
சுற்றிலும் தாள்கள் சலசலத்து அடங்கின.
என் 211 முடியவே இல்லை.
மூலையில் a211, b211, c211, d211,
திருப்பிக்கொண்டே போனேன். அடுத்தது 213.
திரும்பி வந்து ஆற்றைக் கண்டுபிடித்தபோது
வகுப்பு அதைக் கடந்து போயிருந்தது.
மற்றபடி புத்தகம் நன்றாக இருக்கிறது.
அந்தப் பெண் தண்ணீரில் எதைத் தேடுகிறாள்?'

ஆர்லீன் கோப்பைத் திறந்தாள்.
மீனைத் தூக்கிய அன்று
மீனோடு சேர்ந்து போயிருக்கிறது பக்கக் கோடு.
ஒரே ஒரு வரி.
அச்சில் ஒரு பக்கம் முடிந்து
அடுத்தது பிறக்கிற இடம்.

ஹார்லனைக் கூப்பிட்டாள்.
வெகுநேரம் பேச்சில்லை.
"எனக்கும் தப்பிவிட்டது" என்றார்.
"அன்றைக்கு நான்
சோகத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்."

புதுத் தாளை அச்சடித்து, அட்டை வைத்து,
மடங்காமல் உறையிலிட்டாள்.
கேள்விக்குப் பதில் எழுதத் தொடங்கி
'ஒருவேளை' என்ற சொல்லோடு நிறுத்தி
அதையும் அடித்தாள்.

முப்பத்தாறு சிறு கோடுகள், ஓரத்தில் ஓர் எண்.
இந்தத் தாளில் அது மேடாக இருக்காது.
ஹாவரில் இருக்கும்.

⠤⠤⠤⠤⠤⠤⠤⠤⠤⠤⠤⠤⠤⠤⠤⠤⠤⠤⠤⠤⠤⠤⠤⠤⠤⠤⠤⠤⠤⠤⠤⠤⠤⠤⠤⠤⠼⠃⠁⠃