விளிம்பிலிருந்து எடுங்கள்

நான்கு மில்லிமீட்டர்.
சல்வதோர் நகரத்துப் பெண்கள்
என் மேசைக்கு வந்து சேரும் அளவு அவ்வளவுதான்.
ஃபார்மலினில் மிளகுபோல் மிதக்கும் தோல்,
குப்பியின் மேல் பெயர், வயது, ‘உச்சந்தலை’.

இன்று எடிலெய்ஸா, ஐம்பத்திரண்டு.

நெட்டாக வெட்டினால் இரண்டு வேர்க்கால் அகப்படும்.
நான் கிடையாக அரிகிறேன், வெங்காயத்தைப்போல.
ஒரே வட்டத்தில் இருபது கண்களாவது
அண்ணாந்து என்னைப் பார்க்க வேண்டும்.

வகைப்படுத்துவது என்றால்
எரிந்த வீட்டருகே யார் நின்றார்கள் என்று எழுதுவது.
லிம்போசைட்டுகள் துஷ்டி கேட்க வந்தவர்கள்போல்
வேர்க்காலைச் சுற்றி நீலமாய் நெருங்கி நிற்கும்.
கொன்றதே அவைதான்.
நியூட்ரோஃபில் என்றால் சீழ், பொருக்கு,
ஒரே குழியிலிருந்து பொம்மைத்தலைபோல் ஏழெட்டு முடி.
இரண்டும் சேர்ந்து நின்றால் மூன்றாவது பெட்டி.
நான்காவது, ‘குறிப்பிட இயலாதவை’.
நேர்மையான பெட்டி.
எனக்குப் பிடிக்காது.

எடிலெய்ஸாவின் வட்டத்தில் ஒருவரும் இல்லை.
வெளிறிய தழும்புகள்.
முடியை நிமிர்த்தும் சின்னத் தசை மட்டும்
அங்கேயே கிடக்கிறது,
பயந்தால் இப்போதும் இழுக்கும்.
சிலிர்க்கத்தான் ஒன்றுமில்லை.

அறிக்கை வாங்க அவரே வந்துவிட்டார்.
மருத்துவமனைப் படிக்கட்டில்
செம்பனை எண்ணெயில் தட்டைப்பயற்று அக்கராஜே சுடுபவர்;
வாசம் அவருக்கு முன்னால் ஜன்னலுக்கு வந்தது.

‘பெயர் என்ன?’ என்றார்.
எடிலெய்ஸா என்று படித்தேன்.
‘என் பெயர் எனக்குத் தெரியும். அதன் பெயர்?’

அவரிடமும் ஒரு வகைப்பாடு இருந்தது:
ஏழு வயதில் சூட்டுச்சீப்பு,
பதினேழில் முடி நேராக்கும் களிம்பு,
முப்பதில் இழுத்துக் கட்டிய பின்னல்,
நாற்பதில் ஒனோஃப்ரே.
‘இதில் எது?’

தெரியவில்லை என்றேன்.
எரிந்து முடிந்த இடம் இது,
சாம்பலில் ஆள் தெரியாது என்றேன்.
பிறகு, கண்ணாடித் தகட்டிடம் கேட்க முடியாத ஒன்றை
முதல்முறையாகக் கேட்டேன்:
இப்போது எங்கே அரிக்கிறது?

தலைத்துணியின் மேலேயே விரல் போனது,
யோசிக்காமல்,
வழுக்கையின் நடுவுக்கல்ல,
ஓரத்துக்கு, இடது காதுக்கு மேலே.
‘ராத்திரியில் இங்கே மிளகாய் அரைக்கிறார்கள்.’

நான்காவது பெட்டியில் குறியிட்டேன்.
அதன் கீழே, கையால்:
விளிம்பிலிருந்து, சிவந்த இடத்திலிருந்து,
இன்னொரு நான்கு மில்லிமீட்டர்.

‘இன்னுமா?’ என்று சிரித்தார்.
கொஞ்சம் நின்றார்.
‘தையல் போட்டால்
வெள்ளிக்கிழமை வெள்ளைத்துணி கட்டலாமா?’

அந்தக் கேள்வி எந்தக் குப்பியிலும் வந்ததில்லை.
தளர்வாகக் கட்டுங்கள் என்றேன்.