நூறு கஜம்

பொன்விழா மலரில் எங்களுக்கு மூன்று வரி.
கபடிக்கு நாலு பக்கம், படத்தோடு.
மூன்றாவது வரியில் அச்சுப்பிழை வேறு:
அமெரிக்கக் கால்பந்தில் 'கால்' உதிர்ந்துவிட்டது.
போகட்டும். அந்த ஆட்டத்தில்
காலுக்கு வேலை கொஞ்சம்தான்.

முதல் பந்து ஹூஸ்டனிலிருந்து வந்தது,
பழைய மாணவர் ஒருவர் அனுப்பிய பெட்டியில்,
ஷாம்புக்கும் டார்ச் லைட்டுக்கும் நடுவே.
இன்னாசிமுத்து சார் கையில் உருட்டிப் பார்த்தார்.
"வெளிய எடுத்துட்டுப் போகாதீங்கடா,
கடலட்டைன்னு நெனச்சு
வனத்துறை பிடிச்சிட்டுப் போயிரும்."

கூடவே விதிப்புத்தகம். அதில் எல்லாமே கஜம்.
மைதானம் நூறு கஜம்.
நாலு முயற்சிக்குள் பத்து கஜம் நகர வேண்டும்,
நகராவிட்டால் பந்து எதிராளிக்கு.
வாப்பாவின் ஜவுளிக்கடையில்
மீட்டர் வந்த பிறகும் தூக்கிப் போடாத
இரும்புக் கஜக்கோல் ஒன்று கிடந்தது.
அப்படித்தான் அணியில் சேர்ந்தேன்,
அளக்கிறவனாக.
"துணி அளக்குற கோலால தரைய அளக்குறியா"
என்றார் வாப்பா. ஆனால் கொடுத்தார்.

சுண்ணாம்புக்குக் காசில்லை.
வாலிநோக்கம் உப்பளத்தில் கழித்துப்போட்ட
அழுக்கு உப்பில் கோடு இழுத்தோம்.
ஐப்பசியில் ஒரே ராத்திரி மழை.
விடிந்து போய்ப் பார்த்தால்
நாற்பதாவது கஜத்தை
வெள்ளாடுகள் நக்கிக்கொண்டிருந்தன.

உடைத்த கப்பல்களில் மிஞ்சிய குழாயை
வெல்டிங் வைத்துக் கம்பம் நட்டோம்,
ஆகாயத்தைக் குறிபார்க்கும் கவட்டை.
தலைக்கவசம் பதினொன்றில் ஒன்பது இரவல்.
நாங்கள் ஆடும் நேரம்
ஊரில் ஒன்பது பைக்குகள் நகராது.

எதிரணிதான் இல்லை.
இரண்டு வருடம் எங்களோடே மோதினோம்.
திங்கட்கிழமை கூரி எங்கள் ஆள்,
புதன்கிழமை பகையாளி.
குருசு மிக்கேல் எந்தப் பக்கம் நின்றானோ
அந்தப் பக்கம் தோற்றது.

மூன்றாம் வருடம், ஆனி மாதம்,
கோவையிலிருந்து ஒரு பேருந்து வந்தது.
தோளில் அட்டை கட்டிய பையன்கள்,
ஐஸ் பெட்டி, தனியாக ஒரு டாக்டர்.
பாதி ஆட்டத்தில் முப்பத்தெட்டு, பூஜ்யம்.
நாங்கள் எறிந்ததையெல்லாம்
கச்சான் காற்று தூக்கிப்போய்
சீமைக்கருவேல மரத்தில் வைத்தது.
முள்ளெடுக்கவே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

பிறகு மிக்கேல்
மணலை ஒரு பிடி அள்ளி விட்டுப் பார்த்தான்,
அவன் அய்யா படகு இறக்கும்முன் பார்ப்பதுபோல.
பந்தைக் கடல் பக்கமாக,
ஒருத்தனும் இல்லாத வெளியில் எறிந்தான்.
கோவைக்காரர்கள் சிரித்தார்கள்.
சிரிப்பு முடியுமுன் காற்று அதை வளைத்துத்
திருப்பிக் கொண்டுவந்தது
கூரியின் நெஞ்சுக்கு.
கூரி ஓடினான்.
கோலைப் போட்டுவிட்டு நானும் ஓடினேன்,
அளக்க வேண்டியவன்.

ஆறு புள்ளி.
அடுத்து உதைத்த உதையில்
எங்களுடைய ஒரே பந்து
கம்பத்துக்கு வெளியே போய்க் கடலில் விழுந்தது.
முடிவில் ஐம்பத்திரண்டு, ஆறு.
கோவைப் பையன்கள் கீழக்கரையில் இறங்கிச்
சங்கு வாங்கிக்கொண்டு போனார்களாம்.

நாலாம் வருடத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.
கூரி மஸ்கட் போனான். சார் ஓய்வு பெற்றார்.
இருப்புப் பதிவேட்டில்
'பந்து ஒன்று, கடலில்' என்றெழுதியதைத்
தணிக்கைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை.

போன வாரம் மிக்கேல் கடைக்கு வந்தான், சாரம் வாங்க.
"பள்ளிவாசல் மினாராவும் நம்ம கவட்டையும்
ஒரே நேரா வந்தா அடியில பாரு இருக்கு.
எல்லாப் போட்டும் இப்ப அதப் பாத்துத்தான் வல விடுது."
ஆழம் எவ்வளவு என்றேன்.
"ஆறு பாகம்."

ஒரு பாகம் இரண்டு கஜம்.
மனசுக்குள் பெருக்கினேன். பன்னிரண்டு.
பத்தைத் தாண்டிவிட்டது;
விதிப்படி பந்து இன்னும் எங்களிடம்தான்.

அவனிடம் சொல்லவில்லை.
சில்லறைக்காகக் கை நீட்டிக்கொண்டு நின்றான்.