ஒன்று கூடுதல்

எங்கள் ஊரின் பெயர் ஓர் எண்.
ட்ரெய்ந்தா இ ட்ரெஸ்: முப்பத்து மூன்று.
உருகுவேயின் கிழக்கில், ஒலிமார் ஆற்றங்கரையில்,
போலீஸ் தலைமையகத்தின் பின்னறையில்
எண்களைக் கூட்டுவது என் வேலை.

ஆட்டுத் திருட்டு, மோட்டார் சைக்கிள் திருட்டு,
கத்திக்குத்து, கதவுடைப்பு.
கோடு ஏறினால் வானொலிக்காரர் வருவார்.
இறங்கினால் யாரும் வருவதில்லை.
தாளின் அடியில் இன்னொரு கட்டம் உண்டு;
அதைப் பற்றி அவர் கேட்டதே இல்லை.
அதை நிரப்பும்போது
நானும் வானொலியை அணைத்துவிடுவேன்.

ஆகஸ்டில், புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்த ஒரு திங்கட்கிழமை
தார்தோ சில்வேரா வந்தார்.
கொட்டகையில் இருந்த வேட்டைத் துப்பாக்கியைக் காணவில்லை.
பூட்டு உடையவில்லை, நாய் குரைக்கவில்லை.
எழுதிக்கொண்டேன்.
"அவசரமாகத் தேவைப்படுமா?"
எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.
அவர் பதில் சொல்வதற்குள்
என் கையில் இருந்த மாத்தே ஆறிப்போனது.

புதனன்று அவர் தங்கை இல்சா.
சேறு படிந்த பூட்ஸ், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.
"திருடியது நான்தான்.
நாய்க்கு என் வாசனை தெரியும்.
மாடுகளை விற்றதிலிருந்து அண்ணன் தூங்குவதில்லை.
இப்போது அவன் சமையலறையில்தான் படுக்கிறேன்.
நேற்று நேராகவே கேட்டுவிட்டேன்,
சாக நினைக்கிறாயா என்று.
அடுப்பைப் பார்த்துக்கொண்டே ஆமாம் என்றான்.
அழுதான்.
அப்புறம், நம்பமாட்டீர்கள்,
பசிக்கிறது என்றான்.
நாளைக்கு இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்."

கம்பளியில் சுற்றிய நீளப் பொதியை
மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.
அது இரும்பு அலமாரிக்குள் போனது.
சட்டப்படி புகாரை அடித்திருக்க வேண்டும்.
அடிக்க என் பேனா எழவில்லை.

ஆயுதத் திருட்டு: சென்ற ஆண்டைவிட ஒன்று கூடுதல்.
வானொலிக்காரர் வந்தார்.
ஊர் கெட்டுப்போய்விட்டது என்றார்.
ஆமாம் என்றேன்.

அடிக்கட்டத்தில் இரண்டு என்று எழுதினேன்.
இரண்டு வீடுகளும் எனக்குத் தெரிந்தவை.
ஒன்றின் வாசலில் சைக்கிள் இன்னும் சாய்ந்தே இருக்கிறது.
மூன்றாக வேண்டியது என்பதை
எந்தக் கட்டத்தில் எழுத?

நவம்பரில், ரொட்டிக் கடை வரிசையில்
எனக்கு முன்னால் தார்தோ.
கொஞ்சம் பருத்திருந்தார். சவரம் செய்திருந்தார்,
காதோரம் சோப்பு நுரை காய்ந்திருந்தது.
"அந்தத் துப்பாக்கி கிடைத்ததா?"
"தேடிக்கொண்டிருக்கிறோம்" என்றேன்.
சில்லறையை எண்ணிப் பைக்குள் போட்டபடி சொன்னார்:
"அவசரமில்லை."