திங்கட்கிழமைக் கை

கிளைபேடா துறைமுக மருத்துவமனை, இரண்டாம் மாடி.
ரேடியேட்டர் இருமும் அறை.
தோளைத் தளர்த்துங்கள் என்பேன்.
முழங்கை விலாவோடு ஒட்டி, செங்கோணத்தில்.
இப்போது பிடியுங்கள். இன்னும். இன்னும். விடுங்கள்.
ஒரு நிமிடம் இளைப்பாறல். மறுபடி.
மூன்று பிடி, ஒரு சராசரி, என் கையெழுத்து.

பதினெட்டு கிலோவுக்குக் கீழே என்றால் உதவித்தொகை.
மேலே என்றால் வேலைக்குப் போகலாம்.
அந்தக் கோட்டை நான் போடவில்லை,
தலைநகரில் யாரோ, கதகதப்பான ஓர் அறையில்.

மூன்று எண்களும் மூன்று திசையில் ஓடினால்
‘நடிக்கிறார்’ என்று குறிக்கப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.
எகிதியுஸ் நடிக்கவில்லை.
நங்கூரக் கயிறு இரண்டு விரல்களைத் தின்றுபோட்ட கை.
பத்தொன்பது, பத்தொன்பது, பத்தொன்பதரை.
நேர்மையாளர், ஆகவே திடமானவர் என்று ஆனது.
அவர் முகத்தையும் பார்த்தேன், முள்ளையும் பார்த்தேன்.
முள்ளை நம்பினேன்.

நம்பக் காரணம் இருந்தது.
திங்கள்தோறும், முதல் ஆள் வருமுன்,
என் கையையே கொடுத்துக் கருவியைச் சோதிப்பேன்.
பச்சை நோட்டில் வரிசை இருக்கிறது:
மார்ச்சில் இருபத்தொன்பது. ஜூனில் முப்பது.
அக்டோபரில் முப்பத்தொன்றரை. டிசம்பரில் முப்பத்திரண்டு.

கருவி சரியா என்று பார்க்கத்தான் நோட்டு.
நானோ
என்னைப் பார்த்துக்கொண்டேன் அதில்.
ரிமாஸ் விலகிப்போன வருடம் அது.
பெட்டிகளை நாலு மாடி தனியாக ஏற்றினேன்,
விடியலில் கடற்கரை நெடுக நடந்தேன்.
தேறிவிட்டாய் என்றது முள்.
வேறு யாரும் சொல்லாததால்
வாங்கி வைத்துக்கொண்டேன்.

அப்புறம் அல்டோனா வந்தார்,
மீன் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் கத்தி பிடித்தவர்.
இருபது கிலோ என்றது கருவி.
எழுந்தவர், கூச்சத்தோடு,
மேல்கோட்டின் பொத்தான்களைப் போட்டுவிடச் சொன்னார்.
ஐந்தாவது பொத்தானில் எனக்கு வியர்த்தது.

எதிர்த்தெரு உடற்பயிற்சிக் கூடத்தில்
பத்து கிலோ இரும்புத் தட்டு இரண்டு கடன் வாங்கினேன்.
மேசை விளிம்பில் கருவியைக் கவ்வவைத்து
கைப்பிடியில் பட்டை கட்டித் தொங்கவிட்டேன்.
இரும்புக்கு வலியில்லை, வழக்கில்லை, திங்கட்கிழமை இல்லை.
இருபத்து மூன்று.
இறக்கி ஏற்றினேன். இருபத்து மூன்று.
மறுபடியும் அதுவே.
இவ்வளவு ஒழுங்காகப் பொய் சொல்பவரை நான் கண்டதில்லை.
சொன்னதையே சொல்வதை நம்பகம் என்கிறது பாடப்புத்தகம்.
உண்மை வேறு அத்தியாயம்;
அந்த வாரம் எனக்குக் காய்ச்சல்.

எந்த மாதத்தில் எவ்வளவு பிசகியது?
நாற்பத்தொரு படிவங்கள். எதில் எதைக் கழிப்பது?
சாட்சி ஒன்றுதான்: பச்சை நோட்டு.
அது சாட்சி சொல்ல வேண்டுமானால்
என் கை வருடம் முழுக்க மாறாதிருந்திருக்க வேண்டும்.
அல்டோனாவுக்குப் பணம் வர,
நான் தேறாதவளாக இருக்க வேண்டும்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு எழுதினேன்:
‘சோதனையாளரின் வலது கை, மார்ச் முதல் டிசம்பர் வரை,
இருபத்தொன்பது. மாற்றமில்லை.’
எகிதியுஸ் பதினேழுக்கும் கீழே இறங்கினார்.

தொலைபேசியில் சொன்னதும் சிரித்தார்.
“வெள்ளரி ஊறுகாய் ஜாடி அப்போதே சொன்னது, அம்மா.
அதற்குக் கையெழுத்துப் போடத் தெரியாதே.”

மாலை தட்டுகளைத் திருப்பித் தரப் போனேன்.
தெருவெல்லாம் கண்ணாடிப் பனி.
ஒரு கைக்குப் பத்து, மறு கைக்குப் பத்து,
சந்தேகமில்லாத இருபது கிலோ.
நடுவழியில் மூன்று முறை இறக்கி வைத்தேன்.
மூன்று முறையும்
தூக்கினேன்.