காலியான மூன்றாம் பத்தி

தமிழ்ப்பள்ளியில், நாலாம் ஆண்டில்,
செங்கோணம் வரையச் சொன்னார்கள்.
நான் சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டு வந்தேன்.
செம்மை என்றால் நேர் என்றும் பொருள் உண்டென்று
அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.
வகுப்பே சிரித்தது.
மூலையில் இருந்த அந்தச் சின்னச் சதுரம்
எனக்கு மட்டும் இன்னும் சிவப்பு.

இப்போது மூன்றாம் படிவம்.
ஜெலுத்தோங்கில் இரண்டாம் மாடி வகுப்பறை,
நாலு மின்விசிறியில் இரண்டு சுற்றும்.
சிக்கு ரோஸ்னா பலகையில் ஒரு முக்கோணத்தை நிறுத்தி
ஒரு மூலையில் தீட்டா வைத்தார்,
மீனுக்குக் கண் வைப்பது மாதிரி.
கண்ணுக்கு எதிரே இருப்பது பெர்தெந்தாங்ஙான்.
கண்ணை ஒட்டி இருப்பது பெர்செபெலாஹான்.
சாய்ந்து கிடப்பது ஹிப்போதெனுஸ்.

நோட்டில் மூன்று பத்தி போட்டேன்.
மலாய். ஆங்கிலம். தமிழ்.
மூன்றாவது காலி.
என் தமிழ்க் கணக்கு
ஆறாம் ஆண்டு நிறுத்தத்திலேயே
பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டது.

பெய் சான் என் உள்ளங்கையில் பேனாவால் எழுதினாள்:
துவா கா சோ.
அவள் வீட்டு ஹொக்கியனில்
பெரிய கால் அண்ணி என்று பொருளாம்.
டான், கோஸ், சைன் மூன்றும்
அந்த அண்ணியின் செருப்புக்குள் அடக்கமாம்.
எனக்கு அண்ணி இல்லை.
அண்ணனுக்கு இன்னும் நிரந்தர வேலையே இல்லை.
ஆனாலும் வந்துவிட்டாள்,
பதினொன்றாம் நம்பர் செருப்பைச் சரக் சரக்கென்று தேய்த்துக்கொண்டு
என் கணக்குத் தாளின் குறுக்கே.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது,
சிக்கு டஸ்டரை எடுத்துத் தீட்டாவை அழித்து
மேல் மூலையில் வைக்கும் வரை.
லோகேஷ்வரி, இப்போது எது பெர்தெந்தாங்ஙான்?
நேற்றுச் சொன்ன அதே கோட்டைக் காட்டினேன்.
தப்பு.
கோடு நகரவேயில்லையே, சிக்கு.
ஆமாம், கோடு அங்கேதான் இருக்கிறது.
நீதான் இடம் மாறிவிட்டாய்.

எதிர் என்றால் எனக்குச் சண்டை.
எதிரி. எதிர்த்துப் பேசாதே.
மலாய்ச் சொல்லிலும் அதே வாடை அடிக்கிறது.

அன்று மாலை எங்கள் பிளாட்டின்
பதினாலாம் மாடி நடைபாதையில் நின்றேன்.
எங்களுக்கு எதிர்வீடு மக் சு வீடு.
மக் சுவுக்கு எதிர்வீடு நாங்கள்.
இரண்டு வாசலுக்கும் நடுவில் படுத்திருந்த பூனை
எந்தப் பக்கமும் சேராமல் வாலை ஆட்டியது.
உள்ளே மாமா வந்திருந்தார்.
அம்மாவுக்குத் தம்பி,
எனக்கு மாமா,
அத்தைக்கு வெறும் "இந்தாங்க".
ஒரே ஆள். பனியன்கூட மாற்றவில்லை.

மூன்றாம் பத்தியில் எழுதினேன்:
எதிர்வீடு.
அதன் கீழே, பக்கத்து வீடு.
சாய்ந்து கிடப்பதற்குத்தான் சொல் வரவில்லை.
கண்ணை மேலே வைத்தாலும் கீழே வைத்தாலும்
அது மட்டும் பெயர் மாற்றிக்கொள்வதில்லை,
ரொம்பப் பிடிவாதம்.

மறுநாள் தாமதம்.
பள்ளித் திடலில் புல் தேய்ந்து
கேட்டிலிருந்து கண்டீன் வரை ஒரு மண் தடம்.
நடக்காதே என்று பலகை வைத்திருக்கிறார்கள்.
பலகையைச் சுற்றிக்கொண்டுதான் எல்லாரும் நடக்கிறார்கள்.
இரண்டு ஓரமும் சேர்ந்த தூரத்தைவிடக் குறைவு,
தனித்தனியே எந்த ஓரத்தையும்விட அதிகம்.
ஜாகா தாப்பா விசில் ஊதினார்.
ஓடிக்கொண்டே முடிவு செய்தேன்:
குறுக்குத்தடம்.

இரவு கைப்பேசியில் தேடினேன், சும்மாதான்.
ஒரு பாடநூலில் கர்ணம் என்று இருந்தது.
இன்னொன்றில் செம்பக்கம்.
செம்பக்கம்!
நான் அன்றைக்கே பென்சிலோடு வந்திருந்தேன்,
கோடுதான் ஐந்து வருடம் லேட்.

காலையில் பெய் சானிடம் சிவப்புப் பேனா கேட்டேன்.
ஆரஞ்சுதான் இருந்தது.
அதிலேயே எழுதினேன்,
குறுக்குத்தடத்தை அடிக்காமல்,
பக்கத்தில்.