மாடி பார்லர், சமாதானபுரம்

முட்டை அழுகின வாடை என்று
மூக்கைப் பொத்துகிறாள் உலகம்மாளின் மைனி.
கந்தகம், என்கிறேன்.
கிரீமில் மட்டுமில்லை, முடிக்குள்ளும் அதுதான்;
இரண்டிரண்டாகக் கைகோத்து நின்று
சுருளைச் சுருளாகவே வைத்திருப்பது.

தண்ணீர் பட்டுப் பிரிவது வேறு கை,
காய்ந்ததும் சேர்ந்துகொள்ளும்.
இது அப்படி விடாது.
காரம் கேட்கும்.

ஒற்றை மயிரை இழுத்துப் பார்க்கிறேன்.
ரப்பராய் நீண்டால் கழுவலாம்.
அறுந்தால்
ஜெபராணி அக்கா பார்க்கும் பார்வைக்கு
என் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி உதவாது.

இஸ்திரி. நூற்றெண்பது டிகிரி.
பிறகு பெராக்சைடு:
விட்ட கைகள், நேர்வரிசையில்
பக்கத்தில் யார் நிற்கிறார்களோ
அவர்களையே பிடித்துக்கொள்ளும்.

"எத்தன நாளைக்கி நிக்கும்?"
மைனிதான் கேட்கிறாள்.
மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்களாம்.
"போட்டது அப்படியே நிக்கும்க்கா.
ஆனா வேருக்குச் சேதி போகாது.
மாசம் அரை இஞ்சு,
சுருட்டையாத்தான் வரும்."

இதுவரை வாயே திறக்காத உலகம்மாள்
கண்ணாடிக்குள் விரல் மடக்குகிறாள்.
வைகாசி, ஆனி...
"ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வருவம்லா,
அப்போ ஒரு இஞ்சு இருக்குமாக்கா?"